நாய் போய்விட்டது, உண்ணி போகவில்லை

"டீச்சர், நாயக் கொண்டுபோய் விட்டுட்டோம். ஆனா உண்ணி போகல."

சென்ற ஆண்டு இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் என்னிடம் சொன்னது இது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் வருகிறவன். வீட்டில் மூன்று வயதுக் கறுப்பு நாய் ஒன்று இருந்தது. காதுக்குள், கால் விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று அதன் உடம்பெல்லாம் உண்ணி. தங்கையின் தொட்டிலுக்கு மேலே சுவரில் ஒன்று ஊர்ந்ததைப் பார்த்த அன்று, அப்பா நாயைக் காரில் ஏற்றிப்போய்ச் செம்பனைக் காட்டுக்குள் இறக்கிவிட்டு வந்துவிட்டார். அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சுவரில் இப்போது முன்பைவிட அதிகமாக ஏறுகின்றனவாம். "நாயே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படி?"

நல்ல கேள்வி. ஈப்போவிலும் சுற்றியுள்ள பழைய தோட்டங்களிலும் நாய் வளர்க்கும் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. உண்ணி நாயின் மேல் இருக்கிறது, ஆகவே நாய் போனால் உண்ணியும் போகும் என்பது அந்தத் தீர்ப்பு. இது தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. நாய் பாவம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உண்ணியை ஒழிக்கும் கணக்கின்படியே அது தவறு. நான் கால்நடை மருத்துவர் அல்லள். ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா பெற்று இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறவள். ஆனால் இதில் பாதிக்கு மேல் பள்ளி உயிரியல்தான்.

முதலில் ஒரு போத்தல் கதை. அந்த மாணவனின் கேள்விக்குப் பிறகு, என் உறவினர் வீட்டு நாயிடமிருந்து நன்றாக இரத்தம் குடித்துக் கொட்டை முத்துப்போல் ஊதியிருந்த பெண் உண்ணி ஒன்றை எடுத்து, சிறு கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியை இறுக்கி ஆய்வுக்கூட மேசையில் வைத்தேன். (நாயைப் பள்ளிக்குக் கொண்டுவரவில்லை. என் வகுப்பில் முஸ்லிம் மாணவர்களும் இருக்கிறார்கள். போத்தலுக்குள் இருக்கும் உண்ணியைப் பார்க்க யாருக்கும் தடையில்லை.) சில நாள் அது அசையாமல் கிடந்தது. பிறகு முட்டையிடத் தொடங்கியது. கசகசாவைவிடச் சிறிய, பளபளப்பான பழுப்பு மணிகள். நாள்தோறும் குவியல் பெரிதானது. உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் எண்ண உட்கார்ந்த இரண்டு பேர் அறுநூறைத் தாண்டியதும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார்கள். நான் வியக்கவில்லை. இந்த வகை உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில், சில சமயம் நாலாயிரம் வரையிலும் முட்டையிடும். இட்டு முடித்ததும் செத்துவிடும். அதற்கு வாழ்க்கையில் வேறு வேலை இல்லை. பிள்ளைகள் பார்த்து முடித்தபின் போத்தலைக் கொதிநீரில் போட்டேன்.

அந்த முட்டைகள் எங்கே இடப்படும் என்பதைக் கவனியுங்கள். நாயின் மேல் அல்ல. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, ஊர்ந்து, இருட்டான இடுக்கைத் தேடிப் போகும். லயத்து வீடென்றால் பலகைச் சுவரின் சந்து. தாமான் வீடென்றால் தரைக்கல்லின் விரிசல், இரும்புக் கதவின் கீல், நாய்க்கூண்டின் மூலை, மீட்டர் பெட்டியின் பின்புறம். இதற்கு மேலேறும் குணம் உண்டு; அதனால்தான் கூரைக்கு அருகிலும் திரைச்சீலை மடிப்பிலும் காண்கிறோம். நம் ஊர் வெப்பத்தில் சில வாரங்களில் முட்டை பொரிந்து ஆறுகால் குஞ்சு வெளிவரும். அது நாயின் மேல் ஏறிச் சில நாள் குடித்துவிட்டு இறங்கிவிடும். இடுக்கில் ஒளிந்து தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மீண்டும் ஏறும், ஒரு வாரம்போல் குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும். முழு உண்ணியானபின் மூன்றாம் முறை ஏறும். ஒரே வாழ்க்கையில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். நாயின் மேல் கழிக்கும் காலத்தையெல்லாம் கூட்டினால் இரண்டு மூன்று வாரம்தான் தேறும். மீதிக் காலமெல்லாம் அது உங்களோடு, உங்கள் வீட்டில் குடியிருக்கிறது. முழு உண்ணி இரை கிடைக்காமல் ஓராண்டுக்கும் மேல் உயிரோடிருக்கும்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? நாய் போன அன்று வீட்டுச் சுவருக்குள் முட்டைகளும் குஞ்சுகளும் இருந்தன. குஞ்சுகள் பசியோடு வெளியே வந்தன. ஏறுவதற்கு நாய் இல்லை. சுவரெல்லாம் தேடின.

தமிழில் 'உண்ணி' என்ற பெயரே அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறது. பள்ளியில் நான் மலாயில் பேசும்போது 'செங்கெனிட்' என்றால் மாணவர்கள் விழிப்பார்கள்; 'கூத்து அஞ்சிங்' என்றால்தான் புரியும். அதற்கு நாய்ப் பேன் என்று பொருள். பேன், தெள்ளு, உண்ணி மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் என்று தோன்றிவிடும். பேன் நாயின் மேலேயே பிறந்து அங்கேயே சாகும். உண்ணி அப்படி அல்ல.

நம் வீடுகளில் காண்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. ரைபிசெஃபாலஸ் சங்குவினியஸ் என்று நெடுங்காலம் அழைத்தார்கள். வெப்பமண்டலக் கிளை தனி இனம் என்று 2021-இல் முடிவு செய்து, ரைபிசெஃபாலஸ் லின்னேயி என்ற பழைய பெயரை அதற்கு மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் அது வீட்டுவாசி. புல்லில் காத்திருந்து தொற்றும் வகை வேறு. பன்றி வேட்டைக்குக் காட்டுக்குள் போய்வரும் நாய்களின் மேல் அவையும் ஏறும். ஆனால் தோட்டத்து வீடுகளில் உண்ணி என்றதும் முதலில் லாலான் புல்லை வெட்டுவார்கள், பிறகு முற்றத்தில் நெருப்பு மூட்டுவார்கள். வீட்டுக்குள் சாக்கு விரிப்பு அப்படியே கிடக்கும்.

எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் மருந்தடித்தால் என்னாகும் என்று பேராக் மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998 இறுதியில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா மாவட்டத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் பன்றிகளிடமிருந்து நேராகப் பரவிக்கொண்டிருந்தது. 1999 மார்ச்சில் நிப்பா வைரஸ் அடையாளம் காணப்பட்ட பிறகுதான் சரியான வேலை தொடங்கியது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. நாட்டில் 105 பேர் இறந்தார்கள். நாய் உண்ணியை அதனோடு ஒப்பிடவில்லை. தவறு நடக்கும் விதம் ஒன்றுதான் என்கிறேன்.

தவறான இடத்தில் அடிப்பது ஒரு தவறென்றால், தவறான மருந்தை அடிப்பது அதைவிடப் பெரியது. நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் லயத்தில் டைகர் என்றொரு செம்பட்டை நாய் இருந்தது. முதலில் பழைய இயந்திர எண்ணெயைப் பூசினோம். அது நக்கி நக்கி வாந்தி எடுத்தது. பிறகு தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்த உறவினர் ஒருவர், டின்னின் அடியில் மிஞ்சிய பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து ஊற்றினார். அவர் கெட்டவர் அல்லர். நாயின் மேல் எங்களைவிட அவருக்குத்தான் பாசம் அதிகம். ஒரு மணி நேரத்தில் வாயில் நுரை, உடம்பெல்லாம் உதறல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியது. சாயங்காலம் பால்மரத்தடியில் புதைத்தோம். அது ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் அடையாளம் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். நரம்பு தசைக்கு இடும் கட்டளையை நிறுத்தும் நொதியை அந்த நஞ்சு முடக்கிவிடும். கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். டைகரோடு அதன் மேலிருந்த உண்ணிகளும் செத்தன. இரண்டு மாதம் கழித்து வந்த புதுக்குட்டியின் காதில் மறுபடியும் உண்ணி. சுவருக்குள் இருந்தவற்றுக்கு யாரும் மருந்தடிக்கவில்லையே.

இன்றும் மண்ணெண்ணெய், கரப்பான் மருந்து, பாச்சை உருண்டைப் பொடி என்று கேள்விப்படுகிறேன். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சொட்டுக் கணக்கில் கொடுப்பவர்களும் உண்டு. ஐவர்மெக்டின் பெரிய கண்டுபிடிப்புதான். அதற்காக ஓமுராவும் கேம்பெல்லும் 2015-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஆனால் மாட்டின் அளவு நாய்க்கு நஞ்சு. கோலி போன்ற இனங்களில் ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள்ளேயே புகுந்துவிடும். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதில் கேடில்லை. அதுவே போதும் என்று நம்புவதில்தான் கேடு.

"உண்ணிதானே, கொஞ்சம் இரத்தம் குடித்துவிட்டுப் போகட்டுமே" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வட்டாரத்தின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1963-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நாய்களிடம் புதிய நோய் ஒன்று காணப்பட்டது. காய்ச்சல், மெலிவு, பிறகு மூக்கிலிருந்து நிற்காமல் இரத்தம். சில ஆண்டுகளில் அதே நோய் வியட்னாமில் அமெரிக்க இராணுவத்தின் நாய்களைத் தாக்கியது. அமெரிக்கர்களின் தடம் பிடிக்கும் குழுக்கள் பயிற்சி பெற்றது ஜொகூரில் இருந்த பிரிட்டிஷ் காட்டுப்போர்ப் பள்ளியில்; லாப்ரடார் நாய்களும் அங்கிருந்து போயின. வியட்னாமில் நூற்றுக்கும் மேற்பட்ட இராணுவ நாய்கள் இதில் மாண்டன. அல்சேஷன்களுக்கு அடி மிகப் பலம். காரணம் எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிரி. 1935-இலேயே அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டு, பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. பழுப்பு நாய் உண்ணிதான் இதைக் கடத்துகிறது என்பது 1975-இல் சோதனை மூலம் உறுதியானது.

அந்தக் கிருமி இன்றும் மலேசிய நாய்களிடம் இருக்கிறது; உண்ணி பரப்பும் பபேசியாவும் அனாப்பிளாஸ்மாவும் இருக்கின்றன. எர்லிக்கியா வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். முதல் காய்ச்சல் தானாகவே தணிந்து, நாய் மாதக்கணக்கில் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பிறகு ஒருநாள் மூக்கில் இரத்தம் வடியும். நம் ஊரில் இதற்கு "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோகும். உங்கள் நாய் சோர்ந்து கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, கால்நடை மருத்துவரிடம் "உண்ணி இருந்தது" என்ற ஒரு சொல்லை மறக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக நான்கு வாரம். சில நாளிலேயே நாய் எழுந்து ஓடும். மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

உண்ணியைப் பிடுங்குவதில் ஒரு சிறு குறிப்பு. சிகரெட் நெருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் வைத்து அதைத் துன்புறுத்தினால் எச்சிலை உள்ளே கக்கும்; கிருமி இருப்பது அந்த எச்சிலில்தான். இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரிலோ சாராயத்திலோ போடுங்கள். ஆனால் பிடுங்குவதே வைத்தியம் என்று இருந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது ஊதிப்போன பெண் உண்ணி மட்டும்தான்.

சரி, என்ன செய்வது? இங்கேதான் என் வாதத்தின் மையம். 2013, 2014 தொடங்கி ஐசோக்சாசோலின் வகை மாத்திரைகள் வந்திருக்கின்றன. நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிக்கா என்ற பெயர்களில் கிடைப்பவை. சில மாதம் ஒருமுறை, பிராவெக்டோ பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து நாயின் இரத்தத்தில் நிற்கும். கடித்த உண்ணி முட்டையிடும் வரை வாழாது. இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டு இடுக்குகளில் ஒளிந்திருக்கும் ஆயிரம் உண்ணிகளை நீங்கள் தேடிப் பிடிக்க முடியுமா? அவை தாமாக வெளியே வந்து ஏறும் ஒரே இடம் நாய். மூச்சுக்காற்றையும் உடல் வெப்பத்தையும் உணரும் உறுப்பு அவற்றின் முன்னங்காலில் இருக்கிறது. நாயைத் தேடி அவையே வரும். மருந்து உட்கொண்ட நாய் நடமாடும் பொறி. அதை வீட்டைவிட்டு விரட்டுவது, எலி அதிகமாகிவிட்டது என்று எலிப்பொறியைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

இதிலும் குறை உண்டு. உண்ணி கடித்த பிறகுதான் சாகிறது. எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே உடம்பில் ஏறிவிடக்கூடும். ஆகவே உண்ணி மண்டிய வீட்டில் மாத்திரை மட்டும் போதாது. கடிக்கும் முன்பே விரட்டும் கழுத்துப் பட்டையும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் அதையும் சொல்லுங்கள். இவ்வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. பெரிய நாய் மாத்திரையை உடைத்து இரண்டு சிறிய நாய்களுக்குப் பங்கிடாதீர்கள். மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டால் பூனை செத்துவிடும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது அலுப்பான வேலை. சாக்கு விரிப்பை எரித்துவிட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் துவைக்கக்கூடிய துணியைப் போடுங்கள். நாய் படுக்கும் மூலையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை அகற்றுங்கள். வீட்டுக்குள் அடிக்க அனுமதி பெற்ற மருந்தைத் தரையில் கொட்டாமல் சுவர் விரிசல், கதவுச் சட்டம், கூண்டின் மூலை ஆகியவற்றுக்குள் போகும்படி அடியுங்கள். காயும் வரை நாயும் பிள்ளைகளும் வெளியே இருக்கட்டும். மீன்தொட்டியை மூடுங்கள், பைரித்ராய்டு மருந்து மீனைக் கொன்றுவிடும். முட்டையை மருந்து எளிதில் தொடாது, அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும், பிறகு இன்னொரு முறை. விரிசலைச் சிமெண்டால் அடைப்பது எல்லா மருந்தையும்விட மலிவு. ஒரு தலைமுறை உண்ணி வளர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஆகவே நான்கு மாதமாவது விடாமல் செய்தால்தான் கணக்கு முடியும். பெரும்பாலோர் இரண்டாம் மாதத்தில் "போய்விட்டது" என்று நிறுத்துகிறார்கள். நமக்குக் குளிர்காலம் கிடையாது. உண்ணிக்கு விடுமுறையும் கிடையாது.

பணம்தான் பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். பெரிய நாய்க்கான ஒரு மாத்திரைக்குக் கொடுக்கும் வெள்ளியில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திடம் போய் "மாதாமாதம் வாங்கு" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தவறாக வாங்கிய ஐந்து மருந்துகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால் செலவும் குறையும், பலனும் கூடும். சுவரின் இந்தப் பக்கம் நீங்கள் மருந்தடிக்க, அந்தப் பக்கம் முட்டை பொரிந்துகொண்டிருந்தால் என்ன பயன்? புந்தோங் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் ஆலயக் குழுவோ குடியிருப்பாளர் சங்கமோ ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். நாய் உரிமம் வழங்கும் ஊராட்சி மன்றங்கள், உரிமத் தாளுடன் உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியை விளக்கும் ஒரு தாளையும் தமிழில் கொடுத்தால் நல்லது. நாயைப் பிடித்துப் போகும் வண்டியில் சுவர் விரிசலை ஏற்ற முடியாது. விலங்கு நலச் சட்டம் 2015 நாயின் தேவைகளைக் கவனிக்கும் கடமையை உரிமையாளரின் மேல் வைத்திருக்கிறது. அந்தக் கடமையைச் செய்யும் வழியையும் சொல்லிக்கொடுத்தால்தானே முறை? 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கிவரும் ஊர் ஈப்போ. இந்த அறிவு நமக்குத் தொலைவில் இல்லை. வீட்டு வாசல்வரை வரவில்லை, அவ்வளவுதான்.

என் துறையிலும் குறை உண்டு. வாழ்க்கைச் சுழற்சி என்றால் வண்ணத்துப்பூச்சி, தவளை, கொசு என்று வரைந்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தொட்டிலுக்கு மேல் ஊர்வதை வரைவதில்லை.

அந்த மாணவனின் அப்பா நான்கு சாயங்காலம் செம்பனைக்குள் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நாய் கிடைக்கவில்லை. குட்டித் தங்கையின் காதுக்குப் பின்னால் ஒருமுறை உண்ணி கடித்திருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பாட்டியிடம் ஒரு கிழட்டு நாய் இருந்தது. இரண்டு வீடும் காசு சேர்த்து அதற்கு மாத்திரை வாங்கினார்கள், சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மருந்தடித்தார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. போன மாதம் அவன் வந்து, புதுக்குட்டி ஒன்று தருகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டான். குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும், எடை பார்த்து மாத்திரை வாங்கிய பிறகு வீட்டுக்குக் கொண்டுவா என்றேன். குட்டியை நிறுக்க வீட்டில் தராசு இல்லை, ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரம்தான் இருக்கிறது என்றான். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நில், பிறகு உன் எடையைக் கழித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.